இன்றைக்கு எங்கே பாட்டு, எங்கே ஃபோ? சிங்கப்பூர் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எங்கள் நண்பர்கள் குழுவில் ஆறு பேர். வெள்ளிக்கிழமை மதியம் ஆனால் போதும், வாட்ஸ்அப்பில் இந்த இரண்டு கேள்விதான். நான் கச்சேரி, பேண்ட் என்று அலைகிறவன், அதனால் இசைக்கு நான். ஜூ சியாட் பக்கம் குடியிருக்கும் ஒரு தோழி வியட்நாமியச் சாப்பாட்டுக்கு (ஃபோ என்பது அவர்களுடைய நூடுல்ஸ் சூப்). நான் அவளுக்கு ஒரு கச்சேரி சொன்னால் அவள் எனக்கு ஒரு கடை சொல்வாள், சில வருடங்களாக இந்தப் பண்டமாற்று நடக்கிறது. அதில் அடிக்கடி வந்த கேள்விகளையும் எங்கள் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் மற்றவர்களுக்கும் பயன்படுமே என்று தோன்றியது.

காசு கொடுக்காமல் நல்ல இசை கேட்க முதலில் எங்கே போவது?

எஸ்பிளனேட் கலை மையம். 2002 அக்டோபரில் திறந்த, டுரியான் பழம் மாதிரி முள் முள்ளாகக் கூரை வைத்த அந்தக் கட்டடத்துக்குள் போனால் டிக்கெட் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இன்னும் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1,600 பேர் உட்காரும் இசை அரங்குக்கும் 2,000 பேர் உட்காரும் நாடக அரங்குக்கும் டிக்கெட் வேண்டும், சரி. ஆனால் கீழே நுழைந்ததும் இருக்கும் கூடத்திலும், வெளியே தண்ணீரைப் பார்த்தபடி இருக்கும் திறந்தவெளி மேடையிலும் வருடம் முழுக்க இலவச நிகழ்ச்சி நடக்கிறது. பதிவு கிடையாது, சும்மா போய் உட்கார வேண்டியதுதான். சீன நாட்டுப்புற இசை, மலாய் கசல், ஜாஸ், பள்ளிப் பிள்ளைகளின் கூட்டுப்பாட்டு, நம் வீணை, புல்லாங்குழல் எல்லாம் அங்கே கேட்டிருக்கிறேன். அன்றைக்கு யார் என்பதை மட்டும் அவர்களுடைய நிகழ்ச்சிப் பட்டியலில் பார்த்துவிட்டுப் போங்கள்.

இலவசக் கச்சேரி என்றால் தரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் ஒரு மாலையைச் சொல்வேன். அந்தக் கூடத்தில் அரை மணி நேரம் முன்பே போய்விட்டேன், மேடைக்கு மூன்றடி தூரத்தில் இடம். மிருதங்கக்காரர் தனியாக உட்கார்ந்து, சின்ன டப்பாவிலிருந்து ரவையை எடுத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, இடது பக்கத் தோலில் வட்டமாக அப்பினார். தட்டிப் பார்த்தார். கொஞ்சம் வழித்தார். மறுபடி தட்டினார். அப்புறம் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, வலது பக்க விளிம்பில் கல்லால் ஒரு தட்டு, காதை ஒட்டி வைத்து ஒரு கேட்பு, சுற்றி வந்து மறுபடி ஒரு தட்டு. பத்து நிமிடம் இதுதான். பக்கத்தில் ஒரு சீனப் பாட்டி பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். கடைசியில் அந்த 'தொம்' வந்தபோது, பாட்டு இன்னும் தொடங்காத நிலையில், அந்தப் பையன் கை தட்டினான்.

பெரிய சபாவில் இருபதாவது வரிசையில் உட்கார்ந்தால் இது எதுவும் தெரியாது. வாசிக்கிறவர்களுக்கும் அங்கே அலட்சியம் கிடையாது. தெரிந்தவர், தெரியாதவர் என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் கட்டிப் போட வேண்டும் என்று வாசிப்பார்கள். அதனால் தரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் போங்கள், முன்வரிசையில் உட்காருங்கள்.

நம் இசைக்கென்று தனியாக ஏதாவது விழா இருக்கிறதா?

நவம்பர் மாதத்தை ஒதுக்கி வையுங்கள். எஸ்பிளனேட் நடத்தும் கலா உத்சவம் அப்போதுதான். பெரிய பெயர்களுக்கு டிக்கெட், கூடத்திலும் திறந்தவெளியிலும் இலவசம். டிக்கெட் உள்ள நிகழ்ச்சிக்கு எங்கள் குழுவில் அடம் பிடிக்கும் இரண்டு பேர் மட்டும் போவார்கள், இலவச மேடைக்கு ஆறு பேரும். ஏப்ரலில் தமிழ்மொழி விழா, அந்த மாதம் இசை நிகழ்ச்சிகளும் அங்கங்கே இருக்கும்.

சுத்தமான கர்நாடகக் கச்சேரி மட்டும் போதும் என்றால்?

சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949 முதல் இருக்கிறது, ஸ்டார்லைட் சாலையில், சிராங்கூன் பக்கம். மாணவர் கச்சேரியை யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். பத்து வருடம் ஒரே குருவிடம் கற்றுக்கொண்ட ஒரு பதினெட்டு வயதுப் பெண் முதன்முறையாக விஸ்தாரமாக ஆலாபனை செய்யும்போது அந்தக் கூடத்தில் இருக்கும் பதற்றமும் சந்தோஷமும் வேறு எங்கேயும் கிடைக்காது.

கோயிலில் கேட்பது கணக்கில் வருமா?

அதைவிட நேரடி இசை எங்கே இருக்கிறது? பூசை நேரத்தில் நாதஸ்வரமும் தவிலும் பத்தடி தூரத்தில், மைக் இல்லாமல். நவராத்திரி ஒன்பது இரவும் பல கோயில்களில் பாட்டு, நடனம், வாத்தியம் என்று நிகழ்ச்சி இருக்கும். 1859இல் செட்டியார்கள் எழுப்பிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை நான் முதலில் சொல்வேன். வேலை முடிந்து அலுவலக உடையோடே ஃபோர்ட் கேனிங் நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம்.

ஜூ சியாட்டுக்குச் சாப்பிட வருகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயம் இருக்கிறது. 1850களில் ஒரு குளக்கரையில், செண்பக மரத்தடியில் பிள்ளையார் சிலை கிடைத்து, அங்கேயே தொடங்கிய கோயில். இலங்கைத் தமிழர்கள் வளர்த்தெடுத்தது. சாயரட்சை பூசைக்கு மேளம் கேட்டுவிட்டு, அப்படியே நடந்து போய்ச் சாப்பிட்டால் அந்த மாலை நிறைந்துவிடும். சாப்பாட்டில் அசைவம் என்றால் வரிசையைக் கண்டிப்பாக இப்படியே வைத்துக்கொள்ளுங்கள், கோயில் முதலில்.

தைப்பூச ஊர்வலத்தில் மேளம் வாசிக்கலாமா கூடாதா? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

1973இல் ஊர்வலப் பாதையில் வாத்தியங்களுக்குத் தடை வந்தது. 2016இல்தான் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது வருடத்துக்கும் மேலான இடைவெளி. என் பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு அந்த முதல் வருடம் உறுமி கேட்டபோது கண் கலங்கிவிட்டது. காவடி எடுப்பவர் களைத்து நிற்கும் இடத்தில் மேளம் சேர்ந்தால் கால் தானாக நகரும், அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கோரிக்கை ஏன் அத்தனை வருடம் நீடித்தது என்று புரியும். இசை கேட்கவே போகிறீர்கள் என்றால் அந்த வருடத்து இடங்களைப் பார்த்துக்கொண்டு அங்கே நில்லுங்கள்.

மேற்கத்திய இசை, சிம்பொனி மாதிரி ஏதாவது? குழந்தைகளோடு போகலாமா?

சிங்கப்பூர் சிம்பொனி 1979இல் தொடங்கியது. அவர்கள் பூமலையில் (பொட்டானிக் கார்டன்ஸ்) நடத்தும் இலவசக் கச்சேரிதான் குழந்தைகளுக்குச் சரி, ஏனென்றால் புல்வெளியில் பாய் விரித்து உட்காரலாம், பிள்ளை எழுந்து ஓடினால் யாரும் திரும்பி முறைக்க மாட்டார்கள். மேடை ஏரிக்கு நடுவில் இருக்கிறது. பாய், தண்ணீர், கொசு மருந்து, குடை. கொசு மருந்தை மறக்கவே வேண்டாம்.

பெரியவர்கள் மட்டும் என்றால் என்யுஎஸ் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) வளாகத்தில் இருக்கும் யோங் சியூ தோ இசைக் கல்லூரி. அங்கே மாணவர்கள் தரும் கச்சேரிகளில் பெரும்பாலானவை இலவசம், அந்த மாணவர்களோ உலகம் முழுக்கத் தேர்ந்தெடுத்து எடுக்கப்பட்டவர்கள். இது எனக்கே மிகவும் தாமதமாகத் தெரிந்த விஷயம், அதனால் யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேண்ட் பாடும் மதுக்கூடங்கள்? குடிக்காதவர்கள் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களா?

பார்க்க மாட்டார்கள். எலுமிச்சைச் சாறு, சோடா வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஆனால் உள்ளே நுழையும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: நுழைவுக் கட்டணம் உண்டா, உண்டு என்றால் முதல் பானம் அதில் சேர்த்தியா. ஒருமுறை நாங்கள் ஆறு பேர் கேட்காமல் உள்ளே போய், ஒரே ஒரு செட் கேட்டுவிட்டு எழுந்தபோது வந்த பில்லைப் பார்த்து வீடு வரை யாரும் பேசவில்லை. தவறு எங்களுடையது, கேட்டிருக்க வேண்டும்.

பேண்ட் பொதுவாக முக்கால் மணி நேரம் வாசித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி வரும். முதல் செட்டில் ஆட்கள் குறைவு, பாடுகிறவர் குரல் புதிதாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே உட்காராதீர்கள். ஒலியைக் கட்டுப்படுத்துகிறவர் எங்கே உட்கார்ந்திருக்கிறாரோ அதை ஒட்டி இடம் பிடியுங்கள், அவர் காதுக்கு நன்றாக இருக்கும்படிதான் அவர் அமைத்திருப்பார்.

தமிழ்ப் பாட்டு பேண்டுகளுக்கும் இதே கணக்குதான். பிறந்தநாள், கல்யாண வரவேற்பில் பாடும் பேண்ட் நன்றாக இருந்தால் பக்கத்தில் போய், வேறு எங்கே வாசிக்கிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்குத் தெரிந்த நல்ல பாடகர்களில் பாதிப் பேரை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

தெருவில் வாசிக்கிறவர்களுக்குக் காசு போடலாமா?

தாராளமாக. அவர்கள் தேசியக் கலைகள் மன்றத்தின் ஏற்பாட்டில் வாசித்துக் காட்டித் தேர்வாகி, அனுமதி வாங்கி வந்தவர்கள். ஒரு முழுப் பாட்டு நின்று கேளுங்கள், காசை அப்புறம் போடுங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மலிவான வியட்நாமியச் சாப்பாடு எங்கே?

இனி தோழி சொன்னதைத்தான் சொல்கிறேன், அவளோடு போய்ச் சாப்பிட்டதையும்.

பிலிப்பினோக்களுக்கு லக்கி பிளாசா, பர்மியர்களுக்குப் பெனின்சுலா பிளாசா என்பது மாதிரி வியட்நாமியர்களுக்கு ஜூ சியாட் சாலை. பெரானக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபினர்) கடைவீடுகளுக்காக 2011இல் மரபுடைமை நகரமாக அறிவிக்கப்பட்ட அதே சாலைதான், பூ ஓடு பதித்த வீடுகளுக்குக் கீழே வரிசையாக ஃபோ கடைகள். லாங் ஃபுங் பல வருடமாகப் பெயர் வாங்கிய கடை, அங்கிருந்து தொடங்கலாம். ஆனால் அந்தச் சாலையில் ஒரே கடையோடு நிற்காதீர்கள். மதியம் மூன்று மணிக்கு நடந்து பாருங்கள். எந்தக் கடையில் வேலை முடிந்து வந்த வியட்நாமியப் பெண்கள் மூன்று நாலு பேராக உட்கார்ந்து தங்கள் மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டு சாப்பிடுகிறார்களோ அந்தக் கடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தோழியின் முறை இது, இதுவரை பொய்த்ததில்லை.

எஸ்பிளனேடிலிருந்து அங்கே எப்படிப் போவது?

வட்டப்பாதை ரயிலில் எஸ்பிளனேட் நிலையத்தில் ஏறி ஆறாவது நிறுத்தம் பாய லேபார். இறங்கி கெய்லாங் சிராய் சந்தையைத் தாண்டி, எதிரே ஜூ சியாட் காம்ப்ளெக்ஸ் ஓரமாகத் திரும்பினால் சாலை தொடங்கிவிடும். பத்துப் பதினைந்து நிமிட நடை.

முதல்முறை போகிறோம். என்ன கேட்பது?

எல்லோரும் ஃபோ சொல்வார்கள், நானும் சொல்கிறேன், ஆனால் எப்படிச் சாப்பிடுவது என்று சேர்த்துச் சொல்கிறேன். கிண்ணம் வந்ததும் எதையும் போடாமல் ஒரு கரண்டி சாறு குடியுங்கள். அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, கொத்தமல்லி விதை, நெருப்பில் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம். பிரியாணிப் பானையைத் திறந்த மாதிரி ஒரு மணம், ஆனால் எண்ணெய் இல்லாமல், காரம் இல்லாமல், தெளிந்த தண்ணீரில். நம் மூக்குக்கு அது முன்பே தெரிந்த வாசம்தான். அதன் பிறகு பக்கத்தில் வரும் தட்டிலிருந்து முளைப்பயறு, துளசி சாதி இலை, எலுமிச்சை, மிளகாய் எல்லாம் உங்கள் விருப்பத்துக்கு. தட்டிலிருக்கும் இலையைக் கையால் கிள்ளிப் போடுங்கள், முழுசாகப் போட்டால் வாசம் இறங்காது. எல்லாச் சாஸையும் கிண்ணத்துக்குள் ஊற்றிச் சாற்றை மறைக்காதீர்கள், சின்னத் தட்டில் விட்டு இறைச்சியை மட்டும் தொட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது முறை போகும்போது பான் செயோ. அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சள்தூளும் கலந்து கல்லில் ஊற்றி, உள்ளே இறாலும் முளைப்பயறும் வைத்து மடித்துத் தருவார்கள். 'செயோ' என்பது மாவு சூடான கல்லில் விழும் சத்தமாம், நாம் 'சொய்ங்' என்கிறோமே அது. தோசை என்று நினைத்துச் சட்னி தேட வேண்டாம். பிய்த்து, கீரை இலைக்குள் வைத்துச் சுருட்டி, மீன்சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய் சேர்ந்த அந்தத் தண்ணீரில் முக்கிச் சாப்பிட வேண்டும். ஓரத்தில் முறுகல், நடுவில் மெத்து. என் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போன வியட்நாமியப் பதார்த்தம் இதுதான்.

அப்புறம் கொம் தாம். அது வேறொன்றுமில்லை, நொய்யரிசிச் சோறு. அரைக்கும்போது உடைந்து போன அரிசியை ஏழைகள் பொங்கித் தின்றது, இன்றைக்குச் சுட்ட இறைச்சியும் முட்டையும் வைத்து அத்தனை பேரும் தேடிப் போகும் சாப்பாடு. நொய்க்கஞ்சி குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த மணலான மெல்லுதல் உடனே பிடித்துவிடும். கூட வருவது பெரும்பாலும் பன்றி, கோழி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிட மாட்டோம். கோழி ஃபோ கேட்டால் போதும்தானே?

போதாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். நண்பன் ஒருவனுடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார், ஒரு கடையில் (இப்போது சொன்ன எதுவும் இல்லை) அவருக்குக் கோழி ஃபோ வாங்கிக் கொடுத்தேன். பாதி சாப்பிட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்து உள்ளே போய்க் கேட்டால், இரண்டுக்கும் ஒரே பானைச் சாறு, அதுவும் மாட்டெலும்பில் கொதித்தது. வந்து சொல்ல வேண்டியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அதனால் 'கோழியா' என்று கேட்பதோடு நிற்காமல், சாறு எந்த எலும்பில் கொதித்தது, தனிப் பானையா என்று உட்காரும் முன்பே கேளுங்கள். கோழி ஃபோவுக்கு ஃபோ கா என்று பெயர், மாட்டுக்கு ஃபோ போ. தனிப் பானை வைக்கும் கடைகளும் இருக்கின்றன. சந்தேகம் என்றால் சாறே இல்லாத வகைக்குப் போய்விடுங்கள்: சேமியாவின் மேல் சுட்ட கோழி, பச்சை இலை, வேர்க்கடலை போட்டுத் தரும் பூன் வகைகள்.

சைவம் கிடைக்குமா?

'சாய்' என்பது வியட்நாமில் சைவத்துக்கான சொல். அங்கே பௌத்தர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி விரதம் இருப்பதால் சைவச் சமையல் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பொதுவான கடையில் காய்கறி ரோல் என்று வாங்கினாலும் தொட்டுக்கொள்ளத் தரும் தண்ணீரில் மீன்சாறு இருக்கும், அதற்குப் பெயர் நுவாக் மாம். அது வேண்டாம், சோயா சாஸ் தாருங்கள் என்று சொல்ல வேண்டும். முழுச் சைவம், வெங்காயம் பூண்டு கூட ஆகாது என்பவர்களை இந்தச் சாலைக்கு நான் அழைத்துப் போவதில்லை. அவர்களோடு தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, போய்விடுவேன்.

ஹலால்?

ஜூ சியாட் வியட்நாமியக் கடைகளில் பெரும்பாலும் பன்றி உண்டு. முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பக்கத்திலேயே கெய்லாங் சிராய் சந்தை மாடி இருக்கிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் முஸ்லிம்கள், ஆறு பேரும் சேரும் நாளில் நாங்கள் அங்கேதான் சாப்பிடுவோம். ஃபோவை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

'மலிவு' என்றால் எவ்வளவு?

எங்கள் கணக்கில் ஒருவருக்குப் பத்து வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) சுற்றி. உணவங்காடியிலும் காப்பிக்கடையிலும் எழுதியிருக்கும் விலைதான் கொடுக்கும் விலை. உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 2024 முதல் ஒன்பது விழுக்காடு ஜிஎஸ்டி. 12 வெள்ளி என்று போட்டிருக்கும் கிண்ணம் 14 வெள்ளி 39 காசு ஆகிவிடும். ஈரத்துணிக்கும் கடலைக்கும் காசு எடுக்கும் இடங்கள் உண்டு, தேவையில்லை என்றால் முதலிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உணவங்காடி என்றால் சாப்பிட்ட தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும், 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம்.

கடையில் எப்படிக் கூப்பிடுவது? ஆங்கிலம் புரியுமா?

புரியும். ஆனால் அவர்களும் நம்மைப் போல உறவுமுறை வைத்துத்தான் அழைப்பார்கள் என்று ஒரு வியட்நாமிய சக ஊழியர் சொல்லிக் கொடுத்தார். வயதில் மூத்த பெண் 'சி', அக்கா. மூத்த ஆண் 'ஆன்', அண்ணன். இளையவர் யாராயினும் 'எம்'. கூப்பிடும்போது கடைசியில் 'ஓய்' சேர்க்க வேண்டும், 'சி ஓய்'. நம் காதுக்கு அது அதட்டல் மாதிரி இருக்கிறதே என்று நான் மூன்று முறை தயங்கினேன். மெதுவாக, கொஞ்சம் இழுத்துச் சொன்னேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அக்கா சிரித்துவிட்டு, இன்னொரு கை இலை கொண்டுவந்து தட்டில் போட்டார். நன்றிக்கு 'கம் அன்'.

காப்பி?

கேளுங்கள். அடியில் துளைபோட்ட சின்ன அலுமினிய வடிகட்டி டம்ளர் மேல் உட்கார்ந்திருக்கும், சொட்டுச் சொட்டாக இறங்கும், கீழே கெட்டிப்பால். அவசரமானால் வேண்டாம். நம் வீட்டு டிகாஷன் ஃபில்டரைப் பொறுமையாகப் பார்த்துப் பழகியவர்களுக்குப் பிரச்சினை இல்லை.

வியட்நாமியச் சாப்பாட்டுக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா, இல்லை நீங்களாகச் சொல்கிறீர்களா?

உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், புதுச்சேரி, காரைக்காலிலிருந்து நம் ஆட்கள் அரசு வேலைக்குப் போனார்கள். அவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலும் தெண்டாயுதபாணி கோயிலும் அந்த நகரத்தின் நடுவில் இன்றும் இருக்கின்றன, மாரியம்மனை அங்கே வியட்நாமியர்களே வந்து கும்பிடுகிறார்கள். கடையில் 'கா ரி' என்று ஒன்று இருக்கும், தேங்காய்ப்பாலில் கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போட்டது, ரொட்டி தொட்டுச் சாப்பிட. பெயரைச் சொல்லிப் பாருங்கள், நம் 'கறி'தான். டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணியைக் கும்பிட்டுவிட்டு வந்து ஜூ சியாட்டில் அந்தக் கறியைச் சாப்பிட்ட அன்று எனக்கு ஏதோ ஒரு நூல் கையில் தட்டுப்பட்ட மாதிரி இருந்தது.

நண்பருக்குப் பரிந்துரை சொல்லும்போது என்ன சொல்ல வேண்டும்? நான் சொன்ன கடை யாருக்கும் பிடிக்கவில்லை.

'சூப்பர், போய்ப் பார்' என்று சொல்லியிருப்பீர்கள். அது உங்கள் மகிழ்ச்சியைத்தான் சொல்கிறது, கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கள் குழுவில் பழகிவிட்ட வழக்கம்: என்ன பதார்த்தம், எத்தனை மணிக்கு, யாரோடு, எவ்வளவு ஆயிற்று, எது சரியில்லை. இசைக்கும் அதேதான். 'வயலின் அருமை, ஆனால் தூண் மறைக்கும், இடது பக்கம் உட்கார்' என்று ஒருவர் சொன்னால் அவர் உண்மையாகவே போயிருக்கிறார், நான் போகும்போது என்னை நினைத்துச் சொல்கிறார். சாப்பிடாத கடையை யாரும் பரிந்துரைக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு, அதை மீறினால் தோழி விடமாட்டாள்.

பாட்டு முதலா, சாப்பாடு முதலா?

கோயில் என்றால் முன்பு சொன்ன மாதிரி கோயில் முதலில், மற்றபடி ஆறு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் பாட்டு. பசியோடு ஆலாபனை கேட்க முடியாது, கச்சேரி முடிந்து போனால் கடையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பும்போது கடைசி ரயிலை நம்பி ஒரு பாட்டு கூடுதலாகக் கேட்க நினைக்கிறவர்கள், உங்கள் நிலையத்தில் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பலகையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிடோக் பக்கம் வருகிறவர்கள் என்னோடு டாக்சியில் சேர்ந்துகொள்ளலாம், நான் எப்போதும் கடைசிப் பாட்டு வரை இருப்பேன்.